எழுபதில் வண்டி பூட்டியவர்கள்

யாரைப் பார்த்தாலும் இப்போது நாவூ ஊரைப் பற்றித்தான் பேசுகிறேன். "அம்மா, இதை நேத்தே சொல்லிட்டீங்க" என்கிறான் மகன். தாராபுரத்தில் இருக்கும் தங்கையிடம் போனில் ஒரு மணி நேரம் பேசியும் எனக்கு ஆறவில்லை. வேலையெல்லாம் ஓய்ந்த வயதில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து இப்படியும் வாழலாம் என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்தவள் எப்படிச் சும்மா இருப்பேன்?

மகனுக்குப் பியோரியாவில் வேலை. ஆறு மாத விசாவில் அமெரிக்கா வரும் அப்பா அம்மாக்களின் நிலவரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கார் ஓட்டத் தெரியாவிட்டால் உப்பு வாங்கக்கூட வெளியே போக முடியாது. ஜன்னல் வழியாக அணில் பார்க்கலாம், யூடியூபில் சமையல் பார்க்கலாம். என் வீட்டுக்காரர் கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் தோட்டம், மாடு என்று ஓடிக்கொண்டே இருந்த மனுஷர் இங்கே சோபாவிலேயே குடியிருக்க ஆரம்பித்துவிட்டார். மருமகள்தான் யோசனை சொன்னாள். மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாவூ என்று பழைய ஊர் ஒன்று இருக்கிறது, ஒரு வாரத்துக்கு வீடு எடுத்துத் தருகிறேன், இரண்டு பேரும் காற்றாட இருந்துவிட்டு வாருங்கள் என்றாள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கார்ப் பயணம். வழியெல்லாம் மக்காச்சோளமும் சோயாவும்தான். வேறு எதைப் பற்றியும் சொல்வதற்கில்லை.

ஊர்க்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிசூரியில் இருந்து விரட்டப்பட்ட மார்மன் சபையினர் 1839இல் இந்தக் கரையில் வந்து ஒதுங்கினார்கள். அன்று இது சதுப்பு நிலம். மலேரியாவில் பலர் செத்தார்கள். தண்ணீரை வடித்து, தெரு போட்டு, செங்கல் அறுத்து, சில வருஷங்களில் பன்னிரண்டாயிரம் பேர் வாழும் ஊராக ஆக்கிவிட்டார்கள். 1844 ஜூன் 27 அன்று அவர்களுடைய தலைவர் ஜோசப் ஸ்மித்தையும் அண்ணன் ஹைரமையும் பக்கத்தில் உள்ள கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பல் புகுந்து சுட்டுக் கொன்றது. 1846 பிப்ரவரி முதல் மிச்சப் பேரும் கட்டிய வீடுகளை விட்டுவிட்டு ஆற்றைக் கடந்து மேற்கே நடந்தார்கள். இன்றைக்கு அங்கே இருப்பது ஆயிரம் பேருக்கும் குறைவு. 1962 முதல் அந்தச் சபை பழைய வீடுகளையும் பட்டறைகளையும் ஒவ்வொன்றாகச் செப்பனிட்டு எழுப்பியிருக்கிறது. சபையின் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. நான் வாய்க்கு வந்தபடி மார்மன் என்றுதான் சொல்கிறேன், அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

அந்த வீடுகளைச் சுற்றிக்காட்டுவது யார் என்பதில்தான் என் கதையே இருக்கிறது. சம்பளத்துக்கு வைத்த வழிகாட்டிகளைக் காணோம். கண்ணில் பட்டவர்களில் பாதிக்கு மேல் தாத்தா பாட்டிகள். பாட்டிமார் கணுக்கால் வரை பூப்போட்ட பருத்திக் கவுன், தலையில் நாடா கட்டிய தொப்பி. தாத்தாக்கள் வைக்கோல் தொப்பி, தோளில் பட்டை. எல்லோருடைய நெஞ்சிலும் கறுப்புப் பெயர்ப் பட்டை. ஆண் என்றால் எல்டர், பெண் என்றால் சிஸ்டர். எல்லாம் ஜோடி ஜோடியாக வந்த மூத்த மிஷனரித் தம்பதிகள்.

போன மறுநாள், திங்கட்கிழமை காலை, "மாட்டு வண்டி" என்ற பலகையைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். கட்டணம் கிடையாது. அந்த ஊரில் எதற்குமே கட்டணம் கிடையாது. இரண்டு பெரிய எருதுகள் நின்றன. அவற்றின் இடப்பக்கம் மெல்லிய குச்சியோடு ஓர் எல்டர். இவர் நேராக மாட்டின் முகத்துக்குப் போய் நின்று, சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இங்க பாரு, மூக்கணாங்கயிறே இல்லை!"

கயிறு இல்லாமல் இவ்வளவு பெரிய ஜோடியை எப்படித் திருப்புவது? எல்டர் சிரித்துக்கொண்டே காட்டினார். "ஜீ" என்றால் வலப்பக்கம், "ஹா" என்றால் இடப்பக்கம், "வோ" என்றால் நின்றுவிடும். குச்சி தோளை லேசாகத் தொடுவதற்கு மட்டும். வண்டி நகர்ந்ததும் என் வீட்டுக்காரர் வண்டியில் உட்காரவே இல்லை. மாட்டோடு நடந்தார். நுகத்தடியைப் பற்றி இரண்டு பேருக்கும் பேச்சு ஆரம்பித்தது. அவர்கள் நுகத்தில் கழுத்துக்கு அடியில் வளைத்த மரவளையம் ஒன்று வருகிறது. மேலே ஆணி போட்டுப் பூட்டுகிறார்கள். நம் பக்கம் நேரான தடியும் பூட்டாங்கயிறும்தான். ஏன் என்று எல்டர் கேட்டதற்கு, இவர் குச்சியை வாங்கி மண்ணில் காங்கேயம் காளை ஒன்றை வரைந்து காட்டினார். எங்கள் மாட்டுக்குத் திமில் உண்டு, நுகத்தடி அதில் முட்டி நிற்கும். உங்கள் மாட்டுக்கு முதுகு தட்டை, அதனால் வளையம் வேண்டியிருக்கிறது. எல்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு அந்தப் படத்தையே பார்த்தார். இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் இந்த நாட்டில் இறங்கியதில் இருந்து பார்க்கவில்லை.

பிறகு தெரிந்தது, அந்த எல்டருக்கு எழுபத்தோரு வயது. ஐடஹோவில் நாற்பது வருஷம் பல் டாக்டராக இருந்தவர். சின்ன வயதில் வீட்டில் பண்ணை இருந்ததாம், ஆனால் எருது பூட்டக் கற்றுக்கொண்டது இங்கே வந்த பிறகு, சென்ற வருஷம்தான்! அவருடைய மனைவி மூன்றாம் வகுப்பு ஆசிரியை. நானும் ஆசிரியை. கேட்க வேண்டுமா? அன்று மாலையே அவர்கள் வீட்டில் சாப்பாடு. திங்கள் மாலை குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய சபை வழக்கம். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பதால் எங்களைக் குடும்பமாக எடுத்துக்கொண்டார்கள்.

எனக்குத் திங்கட்கிழமை கவிச்சி ஆகாது. சிஸ்டரிடம் சொன்னதும் கோழி சூப் ஊற்றிச் செய்யும் பண்டத்தைக் காளான் சூப் ஊற்றிச் செய்துவிட்டார். உருளைக்கிழங்கைத் துருவி, சீஸும் புளிப்புக் கிரீமும் கலந்து, மேலே கார்ன்ஃபிளேக்ஸ் தூவி அவனில் வைப்பது. துக்க வீட்டுக்கு எடுத்துப் போகும் சாப்பாடாம் அது. கல்யாண வீட்டில் போட்டாலும் பந்தியில் மிஞ்சாது.

ஒரே குறை காப்பி. அவர்கள் காப்பி, டீ, மது, புகையிலை எதையும் தொடமாட்டார்கள். 1833இல் இருந்து வரும் போதனை. எங்களுக்குச் சூடான சாக்லேட் தந்தார்கள். நான் சமாளித்துவிட்டேன். இவர்தான் தினமும் விடியற்காலையில் எங்கள் வாடகை வீட்டில் பில்டரைத் திருடன் மாதிரி உருட்டிக்கொண்டிருந்தார், வாசனை தெருவுக்குப் போய்விடுமோ என்று!

மிஷனரி என்றால் எனக்குத் தெரிந்தது வெள்ளை அங்கி போட்ட பாதிரியாரும் பள்ளிக்கூடம் நடத்திய துரைசாணியும்தான். இவர்கள் ஏற்பாடு வேறு தினுசு. இளைஞர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதில் போகிறார்கள். ஆண்களுக்கு இரண்டு வருஷம், பெண்களுக்கு ஒன்றரை வருஷம். வயதானவர்கள் வேலையில் இருந்து ஓய்ந்து, பிள்ளைகளைக் கரையேற்றியபின் தம்பதியாக விண்ணப்பம் போடுகிறார்கள். ஆறு மாதத்தில் இருந்து இரண்டு வருஷத்துக்குச் சற்றுக் குறைவு வரை. எங்கே அனுப்பினாலும் போக வேண்டும், விருப்பத்தைச் சொல்லி வைக்கலாம். சபைத் தலைவரின் கையெழுத்தோடு கடிதம் வரும். யூட்டாவில் சில நாள் பயிற்சி. வாடகை, சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் சொந்தக் காசு. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே சபைக்குக் கொடுப்பவர்கள், அதற்கு மேல் இதையும் கொடுக்கிறார்கள். சிலருக்கு ஆப்பிரிக்காவில் கிணறு வெட்டும் திட்டம் கிடைக்கிறது, சிலருக்கு அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை, சிலர் இளம் மிஷனரிகளின் வீடுகளுக்குப் போய்ப் பாத்திரம் கழுவியிருக்கிறதா என்று பார்த்து வருகிறார்கள். எங்கள் ஜோடிக்கு எருது.

எருது மட்டும் என்றால் பரவாயில்லை. வாராவாரம் ஒரு பட்டியல் வருகிறது. இன்று செங்கல் சூளை, நாளை அச்சுக்கூடம், மறுநாள் ரொட்டிக்கடை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை மனப்பாடம் செய்ய வேண்டும், கூட ஒரு கைத்தொழிலும். அந்த வாரம் சிஸ்டர் பின்னாலேயே நான் சுற்றினேன். காலையில் முறுக்கிய நூலில் கயிறு திரித்தார், பத்து மணிக்குச் செங்கல் அறுக்கும் அச்சைக் காட்டினார், மத்தியானம் இஞ்சி பிஸ்கெட் கொடுத்தார். வெப் சகோதரர்களின் கொல்லுப்பட்டறையில் ஓர் எல்டர் குதிரை லாட ஆணியை வளைத்து எனக்கு மோதிரம் செய்து கொடுத்தார். மேற்கே போன வண்டிகளுக்கு இரும்பு வேலை நடந்த பட்டறை அது. மோதிரம் இப்போதும் விரலில் கிடக்கிறது, மருமகள் பார்த்து, "அத்தை, வைரத்தைக் கழற்றிட்டு ஆணி போட்டுட்டு வந்திருக்கீங்களா?" என்றாள்.

ஒரு நாள் மழை. அன்று துணி துவைத்தார்கள், அவ்வளவுதான்.

நான் மயங்கிப் போனது அவர்கள் வேலை செய்வதில் மட்டும் இல்லை, சேர்ந்தே செய்வதில். இளம் மிஷனரிகளுக்கு யாரோ ஒரு துணையைச் சபையே சேர்த்துவிடும். இரண்டு பேரும் இணைபிரியாமல் இருக்க வேண்டும். தம்பதிக்குத் தம்பதிதான் துணை. "நாற்பது வருஷம் இவர் பல் பிடுங்கப் போனார், நான் பள்ளிக்கூடம் போனேன். முழு நாளும் இவரோடு இருப்பது இப்போதுதான். முதல் மாதம் கொன்றுவிடலாம் போல இருந்தது" என்றார் சிஸ்டர். சாணம் ஒட்டிய பூட்ஸோடு எல்டர் சமையலறைக்குள் வந்தபோது கிடைத்த திட்டைக் கேட்டேன். இங்கிலீஷில் இருந்ததே தவிர அச்சு அசல் எங்கள் வீட்டுத் திட்டு.

இன்னொன்றும் சொன்னார். எல்டர் பத்தொன்பது வயதிலேயே மிஷனரியாகப் போய் வந்தவர். சிஸ்டர் காலத்தில் பெண்களுக்கு இருபத்தொன்று ஆக வேண்டும், அதற்குள் கல்யாணமாகிவிட்டது. "அவருடைய மிஷன் கதைகளை வாழ்நாள் முழுக்கக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எனக்கென்று ஒரு கதை வேண்டாமா?" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நம் ஊரில் புருஷனின் சர்வீஸ் கதைகளைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்த பெண்கள் எத்தனை பேர்!

மாலையானால் நாடகம். பகல் முழுக்க வெயிலில் நின்றவர்களே இரவில் மேடை ஏறிப் பாடி ஆடுகிறார்கள். "ராந்தெவூ" என்று பெயர். கல்சுரல் ஹாலில் நடக்கிறது. நம் எருது ஓட்டி எல்டர் காதலனாக வந்து தொப்பியைச் சுழற்றி ஒரு குதி குதித்தார் பாருங்கள், விசில் அடிக்கத் தெரியாத குறைதான் எனக்கு. சிஸ்டருக்கு மேடை என்றால் நடுக்கம். மூன்றாம் வகுப்பில் நின்று முப்பது பிள்ளைகளை ஆட்டிவைத்தவர், இங்கே பின்வரிசையில் நின்று உதடு மட்டும் அசைத்தார். பெரிய நடிப்பு என்று சொல்லமாட்டேன். சிலர் சுதி விட்டார்கள், ஒருவர் வசனத்தை மறந்து பக்கத்து ஆளைப் பார்த்தார். அதற்கும் கைத்தட்டல். முடிந்ததும் அவர்களே நாற்காலிகளை அடுக்கி, கூடத்தைக் கூட்டிவிட்டுப் போனார்கள். ஆற்றங்கரை மேடையில் கோடைக்கு வந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடும் நிகழ்ச்சி இன்னொன்று உண்டு. முன்னால் பிள்ளைகள் காற்றாகச் சுழல்கிறார்கள், பின்னால் பாட்டிகள் அளவாகச் சுழல்கிறார்கள். எனக்குப் பாட்டிகள்தான் பிடித்தார்கள்.

பார்லி தெருவில் ஒரு சாயங்காலம் நடந்தோம். ஊரில் இருந்து ஆற்றுக்கு இறங்கும் தெரு. 1846 பிப்ரவரியில் வண்டிகள் வரிசை கட்டி நின்றது இங்கேதான். முதலில் படகுகளில் கடந்தார்கள். மாதக் கடைசியில் ஆறே உறைந்துபோக, பனிக்கட்டி மேலேயே வண்டியை ஓட்டிப் போனார்கள். வழியில் அந்த மக்களின் நாட்குறிப்பு வரிகளைப் பலகைகளில் எழுதி நட்டிருக்கிறார்கள். வாசலைப் பெருக்கிவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போன பெண்களின் ஊர் இது. சிஸ்டரின் பாட்டிக்குப் பாட்டிக்கும் முந்திய ஒருத்தி, கைக்குழந்தையோடு இந்தத் தெருவில் இறங்கிப் போயிருக்கிறாள். அவள் விட்டுப் போன ஊருக்குத்தான் நான் திரும்பி வந்திருக்கிறேன் என்றார். ஆற்றைப் பார்த்தபடி நால்வரும் உட்கார்ந்திருந்தோம். புல்லில் மின்மினி பறந்தது.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எல்டர் இன்னொரு சேதி சொன்னார். இறந்துபோன முன்னோருக்காக உயிரோடு இருப்பவர்கள் தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் எடுக்கும் வழக்கம் 1840இல் இந்த ஊரில்தான் ஆரம்பித்தது. இங்கே அவர்கள் எழுப்பிய கோவிலில் தொட்டி கட்டும் வரை இந்த ஆற்றில்தான் முழுகினார்களாம். என் வீட்டுக்காரர் உடனே பவானி கூடுதுறைக்குப் போய்விட்டார். ஆடி அமாவாசைக்கு அங்கே முழுகி அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் எள்ளும் தண்ணீரும் விடுவதை அவர் சொல்ல, எல்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். இரண்டும் ஒன்று என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு நடந்த பேச்சில் எனக்குப் பிடித்த பேச்சு அதுதான். வீட்டுக்கு வந்ததும் சிஸ்டர் ஃபேமிலிசெர்ச் என்ற இணையதளத்தைத் திறந்து வைத்து, "உன் கொள்ளுப்பாட்டி பெயர் சொல்" என்றார். அப்பா வழியில் தெரிந்தது, அம்மா வழியில் தங்கையைக் கூப்பிட்டுக் கேட்டோம். தாராபுரத்தில் அப்போது விடிந்திருந்தது. அவளும் யோசித்துப் பெரியத்தையைக் கேட்கிறேன் என்றாள்.

எல்லாம் இனித்தது என்றால் நம்பமாட்டீர்கள். ஆண்கள் பல பெண்களை மணந்த வழக்கமும் இந்த ஊரில்தான் வேர்விட்டது. 1890இல்தான் சபை அதைக் கைவிடுவதாக அறிவித்தது. கேட்காமல் இருக்க எனக்கு வாய் அடங்கவில்லை. சிஸ்டர் கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை. "என் குடும்பத்திலேயே இருந்தது. அந்தப் பெண்களின் கடிதங்களைப் படித்தால் எனக்கு இன்றும் அழுகை வரும்" என்றார். பூசி மெழுகவில்லை என்பதால் அவர் மேல் மரியாதை கூடியது. அந்த வழக்கத்தின் மேல் கூடவில்லை.

மதம் மாறச் சொன்னார்களா என்று மகன் கேட்டான். ஒரு மார்மன் புத்தகம் கொடுத்தார்கள், படிக்கத் தோன்றினால் படியுங்கள் என்றார்கள், அடுத்த நிமிஷம் நெல்லுக்கு எத்தனை முறை தண்ணீர் கட்ட வேண்டும் என்று கேட்டார்கள். மேட்டில் நிற்கும் கோவிலுக்குள் சபையினர் தவிர யாரும் போக முடியாது. 1848இல் தீயிலும் 1850இல் சூறாவளியிலும் போன கோவிலை 2002இல் பழையபடி எழுப்பியிருக்கிறார்கள். நாங்கள் தோட்டத்தில் உட்கார்ந்து வெள்ளைக் கல்லைப் பார்த்தோம். அங்கே கல்யாணம் செய்துகொண்டால் செத்த பிறகும் தம்பதிதானாம். "ஏழேழு ஜென்மம்னு நாங்களும் சொல்வோம்" என்றேன். எல்டர் மனைவியைப் பார்த்து, "ஏழு போதும் என்கிறார்கள், நமக்குக் கணக்கே இல்லை, மாட்டிக்கொண்டாய்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கடைசி நாள், மாதத்தின் முதல் ஞாயிறு. இரண்டு வேளை பட்டினி இருந்து, அந்தச் சாப்பாட்டுப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். சம்பளம் வாங்கும் பாதிரி கிடையாது. அன்று பிரசங்கமும் கிடையாது. யாருக்குத் தோன்றுகிறதோ அவர்கள் எழுந்து போய் மைக்கில் பேசுகிறார்கள். ரொட்டித் துண்டும் சின்னக் குவளையில் தண்ணீரும் வரிசையாக வந்தன. மாலையில் வீடியோவில் பேரப்பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். ஒருத்திக்குப் பல் விழுந்திருந்தது. பல் டாக்டர் தாத்தா திரைக்கு மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு ஓட்டையைப் பரிசோதித்தார். சிஸ்டர் திரும்பிப் பாத்திரம் கழுவப் போனார், அந்தப் பக்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். இந்த ஊரில் இருப்பதற்கு அவர்கள் கொடுக்கும் விலையில் வாடகையைவிட இது பெரிது. புதிதாகப் பிறந்த பேரன் ஒருவனைத் தொட்டுப் பார்க்க முடியவில்லை அவர்களால்.

மகன் காரோடு வந்து நின்றபோதும் என் வீட்டுக்காரர் தொழுவத்தில் இருந்தார். எல்டரும் இவரும் வாட்ஸ்அப் எண் மாற்றிக்கொண்டார்கள்; ஊருக்குப் போனதும் காங்கேயம் காளையின் திமிலை நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். சிஸ்டரிடம், இங்கே முடிந்ததும் ஐடஹோவுக்குத் திரும்பி ஓய்வெடுப்பீர்களா என்று கேட்டேன். அடுத்த மிஷனுக்கு மனுப் போட அப்போதே பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த நாடு என்றாலும் சரியாம், பாம்பு இருந்தாலும் சரியாம்.

"ஒரே ஒரு விருப்பம்தான் எழுதிவைக்கப் போகிறேன்" என்றார் சிஸ்டர். "நாடகம் போடாத ஊர்."